அக்கம்பக்கம் கேட்டு எரியும் விளக்கு

வண்டிக்கு நெற்றி எது என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு காரை நெருங்குகிற எந்தக் கையும் முன்கண்ணாடியின் மேல்பக்கம், நட்ட நடுவில்தான் போய் நிற்கும். கட்டைவிரலால் ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். கார் செய்கிறவர்களும் வெளிச்சம் பார்க்கிற சென்சாரை அதே இடத்தில்தான் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு உள்பக்கம், மிளகு அளவில் ஒரு கண். சந்தனம் பட்டதும் அந்தக் கண் மூடிக்கொள்ளும். பட்டப்பகலில் வண்டி 'இருட்டிவிட்டது' என்று தானாக முடிவு செய்து, முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றும்.

அந்தக் கண்களைத் திருத்துவதுதான் என் வேலையாக இருந்தது. பெயர் பிலோமினா. வண்டி விளக்குகளுக்கு மென்பொருள் செய்கிற ஒரு கம்பெனியின் மேட்டுப்பாளையம் சர்வீஸ் சென்டரில் பதினெட்டு வருஷம் இருந்தேன். கழுத்தில் ஜெபமாலையோடு ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைக்கிறவள். பட்டறையில் அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே மதம்தான்.

முன்பென்றால் இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. சுவிட்சைத் தட்டி அணைத்துவிடலாம். ஆனால் சுவிட்ச் கையில் இருந்த காலத்தில் நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எதிரே வருகிறவன் கண் அவிந்து பள்ளத்தில் விழுந்தாலும் ஹைபீமைக் குறைக்க மாட்டார்கள். கூசிய கண்ணோடு செத்தவர்களை எண்ணி மாளாமல் அரசாங்கம் சட்டம் போட்டது. கையால் போடுகிற சுவிட்ச் இனி எந்த வண்டியிலும் கிடையாது. விளக்கு எப்போது எரிய வேண்டும், எவ்வளவு எரிய வேண்டும் என்பதையெல்லாம் வண்டியே பார்த்துக்கொள்ளும். சட்டம் வந்து ஆறு வருஷமாகிறது. நல்ல சட்டம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் பூஜைக்கு மறுநாள் மட்டும் எங்கள் வாசலில் நிற்க இடம் இருக்காது.

"தொடச்சா சரியாப் போயிருமுங்" என்று அந்த வருஷமும் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஏனுங் அம்மிணி, சாமிக்கு வெச்ச பொட்ட நாமளே தொடைக்கறதுங்ளா? அது தானா உதுரோணும். நீங்க வண்டியச் சரி பண்ணுங்" என்றார் அவர். அவருக்குப் பின்னால் நின்ற இருபது பேரும் தலையாட்டினார்கள்.

மேனேஜர் கனகசபாபதி என்னை உள்ளே கூப்பிட்டார். நெற்றி நிறையத் திருநீறு, முகம் நிறையக் கடுப்பு.

"வருசா வருசம் இதே கூத்து. பொட்ட எடுக்கவும் மாட்டேங்கறாங்க, நம்மள விடவும் மாட்டேங்கறாங்க. இதுக்கு ஒரு வழி சொல்லு அம்மிணி."

எனக்கு வழி தெரிந்திருந்தது. ரொம்ப நாளாக மனசுக்குள் வைத்திருந்த வழி. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இப்ப வண்டிங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்குதில்லீங்ளா சார்? முன்னால பள்ளம், முன்னால டிராஃபிக்குன்னு. அதே மாதிரி வெளிச்சத்தையும் கேட்டுக்கட்டும். ஒரு வண்டி இருட்டுங்குது. சுத்தி ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கற பத்து வண்டி வெளிச்சம்ங்குது. யாரு சொல்றது நெசம்?"

"பத்து சொல்றதுதான்."

"அப்ப அந்த ஒத்த வண்டியோட கண்ணுலதான் கோளாறு. அது பேச்ச எடுத்துக்க வேண்டாம். பத்து சொல்றபடி வெளக்கப் போடட்டும், அணைக்கட்டும்."

கனகசபாபதி சிரித்தார். "வண்டிக்கும் எலெக்சன் வெச்சுட்டியா நீ! சரி, எழுது."

விளக்கு மென்பொருளில் அந்தத் திருத்தத்தை நாலு நாளில் எழுதி முடித்தேன். ரயில்வே சுரங்கப்பாதை, பாலத்தடி, மால்களின் அடித்தளம் எல்லாம் வரைபடத்தில் இருக்கின்றன. அங்கெல்லாம் அக்கம்பக்கத்தைக் கேட்காதே, உன் கண்ணை நம்பு என்று தனியாக ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவு கவனமாகத்தான் செய்தேன். மேகம் எந்த வரைபடத்திலும் இல்லை என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, தினமும் மலைக்கு வண்டி ஓட்டுகிற வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்துக்கொண்டு, எனக்கு அது தோன்றவில்லை.

ஒரு வண்டியின் பேச்சை ஒதுக்கும்போதெல்லாம் ஏன் ஒதுக்கினோம் என்று குறிப்பு எழுத வேண்டும். அது கம்பெனி விதி. காரணம் என்ற கட்டத்தில் நான் 'சந்தனப் பொட்டு' என்று தட்டினேன். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

கம்பெனிக்கு அது பிடித்துப்போயிற்று. விளக்கு விஷயத்தில் கார் செய்கிறவர்கள் எல்லோரும் எங்கள் கம்பெனி ஒன்றைத்தான் நம்பியிருந்தார்கள். நவம்பர் முதல் வாரத்தில் தென்னாட்டு வண்டிகள் அத்தனைக்கும் என் திருத்தம் போய்ச் சேர்ந்தது. எனக்கு ஒரு சால்வை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் பல் தெரியச் சிரிக்கிறேன். இப்போது பார்த்தால் ஓங்கி அறையத் தோன்றுகிறது.

என் வீட்டுக்காரர் அருளப்பன் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றுகிற பிக்கப் ஓட்டுகிறவர். ஐம்பத்து நாலு வயசு. முப்பது வருஷமாக அதே மலை, அதே வளைவுகள். ஒரு கீறல் வாங்கியதில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவர், ஆனால் வண்டி விஷயத்தில் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டார்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"பிலோ, எட்டாம் வளைவுல இன்னிக்கு வெளக்கு எரியல. மேகம் எறங்கி நிக்குது. மரத்தடி வேற. முன்னால ரோடே தெரியல."

"வெளிச்சம் இருந்திருக்குமுங்க."

"இல்ல புள்ள. நாந்தான் பாத்தனே."

"வண்டி வெளக்குப் போடலீன்னா அது வெளிச்சந்தாங்க. அந்தக் கண்ணு உங்க கண்ண விடப் பத்து மடங்கு கூர். நானே திருத்தி வெச்சது. உங்களுக்குத்தான் வயசாயிட்டுது."

குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னேன். கேலியாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த வாரமும் அதையே சொன்னார், அதற்கடுத்த வாரமும். நான் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் ஹேமலதா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, புரை லேசாக ஆரம்பித்திருக்கிறது, இந்த வயதில் எல்லோருக்கும் இருப்பதுதான் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. வீடு வரும்வரை "பாத்தீங்ளா, நாஞ் சொன்னேன்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் விளக்கைப் பற்றிப் பேசவில்லை. டி.வி. பார்க்கும்போது கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார். பேப்பரைத் தூரத்தில் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார். வாசலில் யாராவது வந்தால், "அது நம்ம செல்வராசுதானே?" என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு கையாட்டினார். பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன். பயம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, எட்டாம் வளைவில், சாக்கடை அடைப்பெடுத்துக்கொண்டிருந்த சாலைப் பணியாளர் வெள்ளியங்கிரி மீது அவர் வண்டி மோதியது. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம்தான். ஒரு டன் கேரட் பின்னாலிருந்து தள்ளியது. இண்டிகேட்டர் நாலையும் போட்டிருந்தார். அந்த மஞ்சள் மினுக்கு பின்னால் வருகிறவனுக்கு நம்மைக் காட்டும், முன்னால் குனிந்திருக்கிற மனிதனை நமக்குக் காட்டாது. வெள்ளியங்கிரி அங்கேயே இறந்துபோனார். நாற்பத்தொரு வயசு.

நான் ஸ்டேஷனுக்கு ஓடினபோது அருளப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் ரத்தம். இன்ஸ்பெக்டர் விளக்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெளக்கு மேல தப்பில்லீங் சார்" என்றார் இவர். "வண்டி வெளிச்சம்னுதான் சொல்லுச்சு. எனக்குத்தான் இருட்டாத் தெரிஞ்சுது. என்ற கண்ணு சரியில்லீங்க. வீட்டுல மூணு தடவ சொன்னாங்க. நாந்தான் கேக்காம வண்டி எடுத்தேன்."

எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் என்மேல் ஒரு பழியும் போடவில்லை, நான் சரியாகச் சொன்னேன் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். அதைவிட அவர் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

வெள்ளியங்கிரியின் மனைவி துளசிமணி ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கண்ணு தெரியாத மனுசன வண்டி ஓட்ட உட்டது நீதானே அக்கா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. நான் ஆமாம் என்றேன்.

ஜாமீனில் வந்தவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். வழக்கு நடந்தால் இரண்டு வருஷமாவது உள்ளே இருக்க வேண்டியிருக்கும் என்றார் வக்கீல். கண் பரிசோதனைச் சான்றிதழ் ஒன்று வாங்கி வரச் சொன்னார். பார்வை எவ்வளவு மோசம் என்று எழுதியிருந்தால் தண்டனை குறையலாமாம்.

டாக்டர் ஹேமலதா ஒரு மணி நேரம் சோதித்தார். அருளப்பனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்.

"நீங்க கேக்கற மாதிரி என்னால எழுதித் தர முடியாதும்மா. அவருக்குப் பார்வை நல்லா இருக்கு. லைசென்ஸுக்கு என்ன வேணுமோ அதுக்கு மேலயே இருக்கு."

"அப்ப ஏனுங் டாக்டர் இருட்டாத் தெரிஞ்சுது?"

"அதான் எனக்கும் புரியல. இவர் மட்டும் இல்ல. டிசம்பர்லேர்ந்து நாப்பது டிரைவருங்க வந்துட்டாங்க. எல்லாருக்கும் ஒரே கம்ப்ளெயின்ட். காலைல வண்டி ஓட்டறப்ப கண்ணு மங்குதுங்கறாங்க. ஆறு பேர் பிடிவாதமா ஆபரேஷனே பண்ணிக்கிட்டாங்க. அப்பவும் மங்குதாம். அத்தனை பேரும் மலை ரூட்டு. கீழ ஓட்டறவங்க ஒருத்தர்கூட வரல."

நான் வீட்டுக்குப் போகவில்லை. அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். என் திருத்தம் ஒதுக்கிய குறிப்புகள் எல்லாம் கம்பெனியின் கிடங்கில் சேர்ந்துகொண்டிருந்தன. அதைத் திறந்து பார்க்கிற உரிமை எழுதியவள் என்ற முறையில் எனக்கு உண்டு. மூன்று மாதமாக ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. சால்வை வாங்கினவள் எதற்குத் திறக்கப் போகிறாள்?

நாற்பத்தோராயிரம் குறிப்புகள். அக்டோபரில் பூஜைக்கு வைத்த பொட்டு ஜனவரி வரைக்குமா இருக்கும்? இடங்களை வரைபடத்தில் போடச் சொன்னேன். கோத்தகிரிப் பாதை, குன்னூர்ப் பாதை, வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை. பொட்டுப் பொட்டாக மலைப்பாதை நெடுக விழுந்தது. நேரம் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. மேகம் இறங்குகிற நேரம். ஒரு வளைவுக்குள் ஒரு வண்டி நுழையும். அதன் கண் இருட்டு என்று சொல்லும். மேலே வெயிலில் வருகிற வண்டிகளும் கீழே வெயிலில் போகிற வண்டிகளும் சேர்ந்து வெளிச்சம் என்று சொல்லும். பத்து சொல்வதுதான் நிஜம்.

அருளப்பனின் வண்டி எண்ணைத் தட்டினேன். எட்டாம் வளைவில் மட்டும் பதினொரு குறிப்புகள். கடைசிக் குறிப்பு ஜனவரி பத்தொன்பது, ஒன்பது நாற்பத்திரண்டு. 'இருட்டு. ஏற்கப்படவில்லை. காரணம்: சந்தனப் பொட்டு.'

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. கனகசபாபதி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையை அவரும் படித்திருந்தார்.

"யோசிச்சுச் செய் அம்மிணி" என்றார். "சொன்னா உன்ற வேல போயிரும், எனக்கும் போயிரும். கம்பெனிக்காரன் ஒத்துக்கவும் மாட்டான். நூறு ஊர்ல நூறு பேரு நல்லாருக்குதுங்கறப்ப நீ ஒருத்தி இல்லீன்னா யாரு கேப்பாங்க?"

சொல்லி முடித்ததும் அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அத்தனை குறிப்புகளையும் அச்செடுத்து, மேனேஜர் முத்திரை குத்தி என்னிடம் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர்.

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது நான், வரைபடத்தில் இல்லாத இருட்டை மறந்தது நான், திறந்து பார்க்காமல் இருந்தது நான். டாக்டர் ஹேமலதாவும் வந்து நாற்பது பேரைப் பற்றிச் சொன்னார். கம்பெனி இரண்டு மாதம் இழுத்தது. பிறகு ஒரு நாள் எல்லா வண்டிகளுக்கும் 'சிறு மேம்பாடு' என்ற பெயரில் ஏதோ போயிற்று. என் திருத்தம் எடுக்கப்பட்டிருந்தது. எனக்கு வேலையும் போயிற்று. அருளப்பன்மேல் இருந்த வழக்கைத் தள்ளுபடி செய்து லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

துளசிமணியின் வீட்டுக்குப் போய் நடந்ததை நானே சொன்னேன். முழுசாகக் கேட்டாள்.

"இத்தன நாளு உன்ற ஊட்டுக்காரரத் திட்டிட்டுத் தூங்குவேன்" என்றாள். "அவரு தப்பில்லீங்கற. நீயும் வேணும்னு பண்ணுல. கம்பெனிக்காரன் மூஞ்சிய நாம் பாத்ததே இல்ல. இப்ப நான் யாரத் திட்டறது அக்கா?"

என்னைத் திட்டு என்றேன். அவள் திட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனால் நான் உண்மையில் பயந்தது வீட்டில் சொல்வதற்குத்தான். விசாரணைக்கு முன்பே அருளப்பனிடம் சொல்லியிருந்தேன். உங்கள் கண் நன்றாக இருக்கிறது, அன்றைக்கு நிஜமாகவே இருட்டு, நீங்கள் பார்த்ததுதான் சரி என்று. என்னை வெறுத்துவிடுவார் என்று நினைத்தேன். வெறுக்கட்டும் என்று தயாராகவும் இருந்தேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"எனக்காகச் சொல்ற. எனக்குத் தெரியும் புள்ள" என்றார்.

குறிப்புகளைக் காட்டினேன். டாக்டரின் சான்றிதழைக் காட்டினேன். கோர்ட்டுத் தீர்ப்பைப் படித்துக் காட்டினேன். "எல்லாரும் சேந்து சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்தப் பதில்தான் என்னைக் கொன்றது. எல்லோரும் சேர்ந்து சொல்வதால் ஒத்துக்கொண்டார். அவர் கண் சொன்னதற்காக இல்லை.

சாயந்தரம் வாசல் விளக்கைப் போடலாமா என்று என்னைக் கேட்டார். சட்டையில் கறை இருக்கிறதா என்று கேட்டார். ரோட்டைக் கடக்கும்போது பக்கத்தில் நிற்பவர் காலெடுத்து வைத்த பிறகு கடந்தார். கண்ணில்லாதவராவது தட்டித் தடவித் தானே நடக்கப் பழகுவார். இவருக்கு எல்லாம் தெரிந்தது. தெரிந்ததை நம்பத்தான் முடியவில்லை.

ஜூலையில் ஒருநாள் கெஞ்சிக் கூத்தாடி அவரை வண்டி எடுக்க வைத்தேன். "நானும் கூட வாரேன். எட்டாம் வளைவு வரைக்கும் போய்ட்டு வந்துரலாமுங்க. ஒரே ஒரு தடவ" என்றேன். காலி பிக்கப்பில் கிளம்பினோம். முதல் வளைவில் ஆளில்லாத ரோட்டுக்கு இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மூன்றாம் வளைவுக்குள் பழைய ஓட்டம் வந்துவிட்டது. முப்பது வருஷக் கை அல்லவா, கியர் மாற்றியதும் தெரியவில்லை, வளைவு திரும்பியதும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எட்டாம் வளைவில் மேகம் இருந்தது. பெரிய மேகம் இல்லை. மரங்களுக்கு நடுவே புகைபோல நின்றது. ரோட்டின் வெள்ளைக் கோடு தெரிந்தது, கொஞ்ச தூரத்தில் தெரியாமல் போயிற்று. எங்கள் விளக்கு எரியவில்லை. எரிய வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல முடியாத அளவுதான் மேகம்.

அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். இரண்டு பேரும் இறங்கி நின்றோம். குளிராக இருந்தது. வெள்ளியங்கிரி குனிந்திருந்த இடத்தில் யாரோ கட்டிய மாலை காய்ந்து தொங்கியது. அருளப்பன் அதைப் பார்த்தார். பிறகு மேகத்தைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பிலோ, இது இருட்டா, வெளிச்சமா?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"எனக்கு இருட்டாத்தான் தெரியுது. நீ சொல்லு. நீ சொன்னா நம்பறேன்."

பதினெட்டு வருஷம் ஆயிரக்கணக்கான கண்களுக்கு எது இருட்டு, எது வெளிச்சம் என்று வரையறுத்துக் கொடுத்தவள் நான். மேகத்தைப் பார்த்தேன். இருட்டு என்றுதான் எனக்கும் பட்டது. சொல்ல வாயெடுத்தேன். இந்த முறையும் தப்பாகச் சொல்லிவிட்டால்?

கீழே ஏதோ ஒரு வண்டி வளைவு ஏறி வருகிற சத்தம் கேட்டது. அதில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.